சத்தத்துக்கு ஒரு ஊசி

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் நான் கேசட் கடை வைத்திருந்த காலத்தில், ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை இரண்டு ஸ்பீக்கரையும் வாசல் பக்கம் திருப்பி வைப்பதுதான். பாட்டு சந்து முழுக்கக் கேட்டால்தான் ஆள் உள்ளே வரும். காது கேட்காத ஒருத்தி அந்தக் கடைக்குள் வந்து நிற்பாள் என்று நான் எதிர்பார்த்திருக்க முடியாது.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்; அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். மேலகரத்தில் வயல் வரப்பு உள்ள குடும்பம். நெடுநெடுவென்று உயரம், கையில் ஒரு ரெக்ஸின் பை. "என்ன பாட்டுக்கா வேணும்?" என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. பாட்டுப் பதிவு செய்கிற டெக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் முகப்பில் இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே இரண்டு ஊசிகள், பாட்டு ஏற ஏற வலப்பக்கம் ஓடி, சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன.

"இது ஏன் ஆடுது?" என்றாள். மேடையில் பேசுகிற மாதிரிச் சத்தம். கேசட் வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் பையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற சிலேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சொல்லாத. எழுது."

'சத்தம் கூடினால் ஊசி கூடும்' என்று எழுதினேன். அவளுக்கு அது போதவில்லை. நேரில் பார்க்க வேண்டும். மைக்கைச் சொருகிக் கொடுத்தேன். அதன் முன்னால் கையைத் தட்டினாள். ஊசி எகிறியது. சாவிக்கொத்தைக் குலுக்கினாள். பிறகு மைக்குக்குக் கிட்டே குனிந்து, "நான் பேசுதேன்" என்றாள். இரண்டு ஊசியும் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டன. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுச் சத்தமாவா நான் பேசுதேன்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த கேள்வியைக் கொஞ்சம் தணித்துக் கேட்டாள். "பின்னால வார லாரிக்காரன் ஹாரன் அடிச்சா இது ஆடுமா?"

'ஆடும்.'

"அப்ப எனக்கு இது ரெண்டு வேணும் தம்பி. ஒண்ணு இடது பக்கத்துக்கு, ஒண்ணு வலது பக்கத்துக்கு. காருல மாட்டணும்."

அப்படித்தான் நான் அந்தக் காருக்குள் மாட்டிக்கொண்டேன்.

பிறவியிலேயே காது கேட்காதவள் அல்ல அக்கா. பதினெட்டு வயதில் அவள் அப்பா குற்றாலம் ரோட்டில் வைத்துக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் மேலகரத்தில் அது பெரிய பேச்சு. இருபத்திரண்டு வயதில் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்து ஊசி போட்டார்கள். நோய் போனது. அதோடு காதும் போனது. முதலில் குயில் கேட்கவில்லையாம், பிறகு கோயில் மணி, கடைசியில் அவள் அம்மா கூப்பிட்டது. பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையும் வேண்டாம் என்று போய்விட்டார். இதை எல்லாம் அவள் ஒரே மூச்சில், அடுத்தவர் வீட்டுக் கதை மாதிரிச் சொன்னாள். முடிவில், "ஒரு ஊசி காதக் கொண்டுட்டுப் போச்சு. இன்னொரு ஊசி கொஞ்சம் கொண்டாந்து தரட்டுமே" என்றாள்.

காது போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. யாராவது நாலு பேர் கூடிப் பேசும்போது, என்ன பேச்சு என்று அவள் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் கையைக் காட்டி, "அப்புறம் சொல்லுதேன்" என்பார். அந்த இரண்டு வார்த்தையை உதட்டசைவில் படிக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அதிகமாகப் படித்தது அதைத்தான். அந்த அப்புறம் ஒருநாளும் வராது என்பதும் அவளுக்குத் தெரியும். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், அப்படி ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாள். "இப்பச் சொல்லு. இல்லன்னா யாரும் பேச வேண்டாம்."

அவள் அப்பா இறந்த பிறகு வீட்டில் பாகம் பிரித்தார்கள். அண்ணன்மார் இரண்டு பேர், ஊர்ப் பெரியவர்கள், பத்திரம் எழுதுகிறவர் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு நடக்கிறது. "என்ன சொல்லுதாங்க?" என்று பெரிய அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். அவர் கையைக் காட்டி, "அப்புறம் சொல்லுதேன்" என்றிருக்கிறார். அக்கா எழுந்து போய், விரித்து வைத்திருந்த பத்திரத் தாள்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாம இதுல ஒரு எழுத்து விழாது."

பெரியவர்கள் அதட்டினார்கள். அதட்டு அவளுக்குக் கேட்காதே. விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு வயலையும் ஒவ்வொரு தென்னையையும் சிலேட்டில் எழுதிக் காட்டி, அவள் தலையாட்டிய பிறகுதான் பத்திரத்தில் ஏற்றினார்கள். எழுதியவருக்கு விரல் வீங்கிவிட்டதாம். கடைசியாக, உன் பங்குக்கு என்ன வேண்டும் என்றபோது, கிணற்றடி வீட்டையும் கார் ஷெட்டையும் கேட்டிருக்கிறாள். ஷெட்டுக்குள் அப்பாவின் பழைய கார் நின்றது. தகரம் முழுக்கத் துருப்பிடித்து, பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த கார். தங்கச்சி ஏமாந்துவிட்டாள் என்று அண்ணன்மார் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்கள்.

துருப்பிடித்தது மேல்தகரம் மட்டும்தான். அடியில் சட்டமும் எஞ்சினும் நன்றாக இருந்தன. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர், பழைய கார்ச் சட்டத்தின் மேல் பூட்டிக்கொள்கிற மாதிரி ஃபைபரில் பாடி செய்து, துண்டு துண்டாகப் பிரித்து லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார். கூடவே எதை எங்கே பூட்ட வேண்டும் என்று படம் போட்ட காகிதமும் வரும். அக்கா அதற்கு எழுதிப் போட்டு வரவழைத்தாள். வைக்கோல் சுற்றி வந்த அந்தத் துண்டுகளைத் தென்காசி லாரி ஆபீஸில் இறக்கியபோது, தண்ணீர்த் தொட்டித் துண்டுகள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மேலகரத்தில் பட்டறை வைத்திருந்த மாடசாமி அண்ணாச்சி அதைக் கோத்துக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, மூலை எல்லாம் உருண்டையாக ஒரு சின்னக் கார் எழுந்து நின்றது. ஊரில் அதற்கு 'சோப்பு டப்பா' என்று பெயர் வைத்தார்கள்.

அதோடு வந்த டேஷ்போர்டில் இரண்டே ஓட்டைகள் இருந்தன. வேகத்துக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று. அக்கா அதைக் கழற்றி மூலையில் வைக்கச் சொல்லிவிட்டாள்.

நான் முதல்முறை ஷெட்டுக்குப் போனபோது அக்காவும் மாடசாமியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடசாமி அதிகம் பேசாத ஆள். லாரி ஓட்டி, பிறகு பட்டறை வைத்தவர். பீடியை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார். அப்படிப் பேசினால் அக்காவால் உதட்டைப் படிக்க முடியாது. அதுவே ஒரு தனிச் சண்டை. அவள் எட்டிப் பீடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இப்பச் சொல்லும்" என்பாள்.

"வேகம் காட்டுத மீட்டரு ஸ்டியரிங்குக்கு நேராத்தான் இருக்கணும். எல்லா வண்டியிலயும் அப்பிடித்தான்" என்றார் மாடசாமி.

"வேகம் எனக்கு முதுகுல தெரியும் அண்ணாச்சி. எஞ்சின் இழுக்காததும் கியர்க் கம்பியில கைய வச்சா தெரியும். பின்னால வாரவந்தான் தெரிய மாட்டான். நேரா இருக்க வேண்டியது அவனாக்கும்."

அவள் சீட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேரே பார்த்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தாமல் எது வரைக்கும் தெரிகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டாள். அந்தக் கோட்டுக்கு மேல் என் இரண்டு ஊசிகளும் வர வேண்டும். வேகம் அதற்குக் கீழே. எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு, பாட்டரி மூன்றுக்கும் லாரியிலிருந்து கழற்றிய மீட்டர்கள் நடுவில். பெட்ரோல் இடது ஓரத்துக்குப் போய்விட்டது.

வெள்ளை டேஷ்போர்டில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. வெயில் பட்டால் அதன் வெளிச்சம் முன் கண்ணாடியில் விழுந்து ரோட்டை மறைக்கும். எனக்கு வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் டேப் ரிக்கார்டரோடு பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் ஒரு பந்தயக் காரின் உள்பக்கப் படம் இருந்தது. கன்னங்கறேலென்று, பாய் பின்னல் மாதிரி நெளிநெளியாக ஒரு டேஷ்போர்டு. கார்பன் ஃபைபர் என்று கீழே போட்டிருந்தது. அக்காவிடம் காட்டி, சிலேட்டில், 'கரியை நூலாக்கி நெய்த துணி' என்று எழுதினேன்.

அவள் வாசித்துவிட்டு, "கரித்துணிதான? எங்க அடுப்படியில ஒண்ணு தொங்குது, எடுத்தாரட்டுமா?" என்றாள். மாடசாமி அன்றுதான் சிரித்து நான் பார்த்தேன்.

சிரிப்போடு அவள் விடவில்லை. கார்த்திகை மாதம் அது. கோயில் பக்கத்து ஜவுளிக்கடைகளில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்காகக் கறுப்பு வேட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நெசவு முரடாகத் தெரிகிற ஒரு வேட்டியை அக்கா தடவித் தடவிப் பார்த்து எடுத்தாள். "வீட்டுல யாரும்மா மாலை போட்டிருக்கது?" என்று கடைக்காரர் கேட்டார். அவருக்குத் தாடி இல்லாததால் அக்காவால் உதட்டைப் படிக்க முடிந்தது.

"காரு" என்றாள்.

பலகையில் அச்சு செய்து, ஃபைபர் நாரை விரித்து, ரெசின் பசையை ஊற்றி, மேலே அந்தக் கறுப்புத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, அதன் மேல் மறுபடியும் ரெசின். முதல் தடவை செய்தபோது ஐப்பசி மழையின் மிச்ச ஈரத்தில் அது இறுகவே இல்லை; பாகு மாதிரி நின்றது. அடுத்த தடவை துணிக்கடியில் கொப்புளம் விழுந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, இருக்கட்டும் என்றோம் நானும் மாடசாமியும். அக்கா அதை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தாள். "எனக்குத் தெரியுதே." அதற்கடுத்த தடவை குண்டு பல்புகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டுச் சூடு காட்டினோம். காலையில் வந்து அச்சிலிருந்து எடுத்தபோது, கறுப்பு நெசவு அப்படியே கண்ணாடிக்குள் உறைந்த மாதிரி வந்திருந்தது. மாடசாமி அதைத் தட்டிப் பார்த்தார். அக்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

ஓட்டை போட்டு மீட்டர்களை இறக்கியது ஒரு நாள் வேலை. என் ஊசிகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததுதான் மாதக்கணக்கு வேலை. பின் பம்பரின் இரண்டு முனையிலும் ரப்பர்க் குழாய்க்குள் பஞ்சு வைத்து மைக்கைப் பொதிந்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு ஊசியும் சிவப்பில் போய் நின்றுவிட்டன. எஞ்சினின் கனத்த சத்தத்தை வடிகட்டி, ஹாரனின் கூர்மையான சத்தத்தை மட்டும் விட வேண்டும். அதைச் சரிசெய்தால், வண்டி குலுங்குகிற குலுக்கத்தில் ஊசி தானாக ஆடியது. சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி மீட்டருக்கடியில் வைத்து அதையும் அடக்கினோம். மாடசாமி பட்டறைக்கு வருகிற லாரிகளை எல்லாம் பின்னால் நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல்லுவார். மேலகரத்தில் குழந்தைகள் தூங்க முடியவில்லை என்று பெண்கள் வந்து சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கும் ஊசி ஆடியது. அக்காவுக்கு அதில் தனி சந்தோஷம்.

அடுத்த ஆனியில் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். அக்கா ஓட்டினாள். நான் இடது சீட்டில். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தால் வலது ஊசி துள்ளும். அக்கா இடது பக்கம் ஒதுங்குவாள். பஸ் டிரைவர் கடந்து போகும்போது திரும்பிப் பார்ப்பார், ஓட்டுவது பெண் என்பதற்காக. அவ்வளவுதான். பேரருவி கிட்டே வந்ததும் இரண்டு ஊசியும் மெள்ள மெள்ள ஏறின. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஏறி, சிவப்பில் போய் நடுங்கிக்கொண்டே நின்றன. ஈரம் இறங்கி மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து, கையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. சிலேட்டை எடுத்து 'அருவி' என்று எழுதினேன்.

அக்கா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். அருவியைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேக்காத இத்தனை வருசமும் இது இப்பிடியேதான் கத்திக்கிட்டு இருந்துச்சா?"

நான் தலையாட்டினேன். அவள் முகத்தில் என்னவோ வந்தது. அழப்போகிறாள் என்று பயந்தேன். "சரி, கத்தட்டும்" என்று ரிவர்ஸ் கியரைப் போட்டாள். "இங்கன ஊசி பொய் சொல்லும் தம்பி. லாரி வந்தாலும் இதே மாதிரிதான் நிக்கும். இனி வண்டியத் தூரத்துலயே போட்டுட்டு அருவிக்கு நடந்துதான் வரணும்." அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அருவிச் சத்தத்துக்குள் காரைக் கொண்டுபோனதில்லை.

வண்டி ரெடி. லைசென்ஸ்தான் காலாவதி ஆகி வருஷக்கணக்காகி இருந்தது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் முகாம் வருகிற நாளில் போனோம். மூக்குக்கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். டேஷ்போர்டைப் பார்த்து வியந்து, தன் ஜீப்பைப் பின்னால் ஓட்டிவரச் சொல்லி ஹாரன் அடித்துச் சோதித்தார். அடித்த ஒவ்வொரு தடவையும் அக்கா ஒதுங்கினாள். இறங்கி வந்து அவளைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி பாஸ்மா. நீங்க பாஸ் இல்ல. காது கேக்காதவங்களுக்குக் குடுக்க விதியில இடமே இல்ல."

"லாரிக்காரன் கண்ணாடிய ஏத்திட்டு, பாட்டப் போட்டுட்டுப் போறான். அவனுக்குப் பின்னால வாரது கேக்குதா? அவன் காத நீங்க சோதிச்சீங்களா?"

லாரிக்காரர்களுக்கு அந்தப் பாட்டை விற்கிறவன் நான்தான் என்பதால் தலையைக் குனிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அக்கா சிலேட்டை நீட்டி, சொன்னதை எழுதித் தரச் சொன்னாள். 'வண்டி பாஸ். நீங்கள் பாஸ் இல்லை' என்று அவர் எழுதினார். அவள் அந்தச் சிலேட்டை அழிக்கவில்லை. ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு வேறு சிலேட்டு வாங்கினாள். பிறகு முகாம் நடக்கிற ஒவ்வொரு நாளும் அதே காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று, விண்ணப்பம் கொடுத்து, இல்லை என்று சொல்ல வைத்து, தானே ஓட்டிக்கொண்டு திரும்பி வருவாள். லைசென்ஸ் இல்லாமல் லைசென்ஸ் ஆபீஸுக்கே ஓட்டி வருகிறவளை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் விபத்து நடந்தது. மேலகரத்துச் சந்து ஒன்றிலிருந்து பால்காரர் ஒருவர் சைக்கிளில் கேனோடு இறக்கத்தில் வந்து, காரின் இடது முன்பக்கத்தில் மோதி விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ரோடெல்லாம் பால். அக்காவே அவரைத் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன். "நான் ஓட்டுன காரு ஒருத்தர இடிச்சிட்டுது. எங்கிட்ட லைசென்ஸ் கெடையாது. எழுதிக்கிடுங்க."

சேதி கேட்டுப் பெரிய அண்ணன் ஸ்டேஷன் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏட்டி, சாவியக் குடு" என்று கையை நீட்டினார்.

"நம்ம லாரி போன வருசம் ஆலங்குளத்துல ஒரு ஆள இடிச்சுதே. காது நல்லாக் கேக்குத டிரைவர்தான ஓட்டுனான். அவங்கிட்ட சாவிய வாங்குனியா அண்ணே?"

அவர் கை இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். காரைப் போலீஸார் வைத்துக்கொண்டார்கள். வெறும் ஷெட்டில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு பெல் அடிச்சாராம்லா."

'ஆம்' என்று எழுதினேன்.

"ஆபத்து எல்லாம் பின்னாலருந்துதான் வரும்னு நெனச்சிட்டேன் தம்பி. முன்னால உள்ளதுக்குக் கண்ணு இருக்கேன்னு நெனச்சேன். சந்துக்கு உள்ள இருக்கது கண்ணுக்கும் தெரியாது." நான் இதோடு விட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். சொல்லப்போனால், விட்டுவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. அவள் நிமிர்ந்து, "சைக்கிள் பெல்லுக்குன்னு ஒரு ஊசி வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

தென்காசி கோர்ட்டில் வழக்கு வந்தது. ஆரம்பத்திலேயே அரசு வக்கீல் ஏதோ சொல்ல, நீதிபதி ஏதோ கேட்க, அக்காவின் வக்கீல் பதில் சொல்ல, பேச்சு மளமளவென்று போனது. அக்கா தன் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பாமலே கையைக் காட்டி, "அப்புறம் சொல்லுதேம்மா" என்றார்.

அக்கா சிலேட்டால் கூண்டின் கட்டையில் ஓங்கித் தட்டினாள். கோர்ட் அமைதியாகிவிட்டது.

"ஐயா, இவங்க பேசுதது என்னயப் பத்தி. எனக்கு மட்டும் தெரியல. தெரியாம நான் இங்கன நிக்க மாட்டேன்."

நீதிபதி என்னை அவள் பக்கத்தில் நிற்கவைத்து எல்லாவற்றையும் எழுதிக் காட்டச் சொன்னார். அதன் பிறகு அந்தக் கோர்ட்டில் எல்லோரும் சிலேட்டின் வேகத்துக்குத்தான் பேசினார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சாக்பீஸ் சத்தம் நிற்கும் வரை காத்திருந்தார்கள். பால்காரர் தோளில் கட்டோடு வந்து, பெல் அடித்தேன் என்றார். அக்காவின் வக்கீல் அவரை மடக்கப் பார்த்தார். "உண்மையிலேயே அடித்தீரா, அடித்த மாதிரி ஞாபகமா?" நான் அதை எழுதி முடிக்கும் முன் அக்கா குறுக்கிட்டாள்.

"அவரு அடிச்சிருப்பாரு. பொய் சொல்லி அவருக்கென்ன ஆகணும். என் ஊசிக்கு அது எட்டல."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பால்காரரும் தன் பங்குக்கு, இறக்கத்தில் தனக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை.

கடைசியில் நீதிபதி கேட்டார்: "இனிமேல் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறீர்களா?"

எழுதிக் காட்டினேன். அக்கா வாசித்துவிட்டு, "மாட்டேன்" என்றாள்.

குமாஸ்தா நிம்மதியாகப் பேனாவை எடுத்தார். நீதிபதி அவரை நிறுத்தினார். "எது மாட்டீங்க? ஓட்ட மாட்டீங்களா, எழுதிக் குடுக்க மாட்டீங்களா?"

அதையும் எழுதினேன்.

"எழுதிக் குடுக்க மாட்டேன்."

நீதிபதி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அபராதத்தைப் போட்டுவிட்டு, லைசென்ஸ் உள்ள டிரைவர் கூட வந்தால்தான் காரை வெளியே விட வேண்டும் என்று சொல்லி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அக்கா அந்த வாக்கியத்தை மட்டும் சிலேட்டில் இரண்டு தடவை வாசித்தாள்.

கார் திரும்பி வந்ததும் கறுப்பு டேஷ்போர்டில் இன்னொரு ஓட்டை போட்டோம். வலது கைக்கு மேலே, மற்ற இரண்டையும்விடச் சின்ன ஊசி. முன் பம்பரில் ஒரு மைக். பெல்லின் கிணுகிணுப்புக்கு மட்டும் அசைகிற மாதிரி அதை மாற்றியமைக்க நாள் பிடித்தது. தோள் ஆறிய பால்காரர்தான் ஷெட்டுக்கு வந்து, காரைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிளை உருட்டி, பெல் அடித்துக் காட்டினார். ஊசி அசையாத பக்கத்தில் நின்று, "இங்கன எடுக்கல பாருங்க" என்று என்னைத் திட்டுவார்.

பிற்காலத்தில் அந்தக் காரை அக்காவே நிறுத்திவிட்டாள். கடையை மூடிவிட்டு நான் வெளியூர் போன பிறகு ஒருமுறை மேலகரத்துக்குப் போயிருந்தேன். அவளுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. "ஊசி சரியாத் தெரியல. அதான் விட்டுட்டேன்" என்றாள். யாராவது சொன்னார்களா என்று எழுதிக் கேட்டேன். சிலேட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வாசித்துவிட்டு, "எவன் சொல்லுவான்?" என்றாள். இப்போது அவள் இல்லை. பெயரைப் போட்டு எழுதினால் அவள் அண்ணன் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது கோர்ட்டும் இல்லை, அந்தப் புரை விழுந்த கண்ணும் இல்லை. வழக்கு முடிந்த வருஷத்துச் சீசனில் ஒருநாள். ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் போகிற ரோடு முழுக்க வண்டி. நான் பின் சீட்டில் இருந்தேன். அக்கா ஓட்டினாள். இடது சீட்டில் மாடசாமி, தேய்த்த காக்கிச் சட்டை போட்டு, பையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் முழுவதும் அதுதான் அவருக்கு வேலை.

ஊருக்குப் புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா பக்கம் வந்து, "லைசென்ஸ்" என்றார்.

அக்கா மாடசாமியைப் பார்த்தாள். மாடசாமி எடுத்து நீட்டினார். கான்ஸ்டபிள் போட்டோவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இது யாரு லைசென்சு?"

"என்னுது சார். நான்தான் டிரைவர்" என்றார் மாடசாமி.

"அப்ப ஓட்டுதது யாரு?"

"அக்கா ஓட்டுதாங்க."

"நீரு என்ன செய்யுதீரு?"

"கூட இருக்கேன் சார். டிரைவர் கூட இருக்கணும்னு கோர்ட்டுல சொல்லியிருக்காங்க."

கான்ஸ்டபிளுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா பக்கம் குனிந்து சட்டம் பேச ஆரம்பித்தார். மீசை பெரிய மீசை. அக்காவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. நான் சிலேட்டை எடுத்தேன். அவள் என் பக்கமும் திரும்பவில்லை. டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் பஸ் ஒன்று, அதற்குப் பின்னால் வேன்கள், அதற்கும் பின்னால் வளைவு வரைக்கும் வண்டிகள். மேலே இருந்த இரண்டு ஊசியும் சிவப்பில் அடித்து அடித்துத் திரும்பின.

"எம்மா, நான் பேசிக்கிட்டு இருக்கேன். அங்கன எதப் பாக்கீங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் கையைக் காட்டினாள்.

"இம்புட்டுப் பேரு ஹாரன் அடிக்காங்களே. உமக்குக் காது கேக்கலையா?"

கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். லைசென்ஸை மாடசாமியின் மடியில் போட்டுவிட்டு ரோட்டோரமாக ஒதுங்கி நின்றார். அக்கா கியரைப் போட்டாள்.